வீட்டில் கணக்கு வேலை: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

கேள்வி:

வீட்டிலிருந்தபடியே சில சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். தினமும் ஐந்தாறு மணி நேரம் எக்செல், கணக்கு மென்பொருள் என்று போகும். எங்களிடம் இருப்பது எட்டு வருடப் பழைய லேப்டாப். பேட்டரி போய் இரண்டு வருடமாகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். சில வாரங்களாக டச்பேடு சரியாக அழுந்துவதில்லை, மூடியும் முழுதாக மூடுவதில்லை. சரி, புதிது வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். லேப்டாப் என்றால் எங்கும் எடுத்துப் போகலாம் என்கிறார் கணவர். பதினைந்து வயது மகன் விளையாட்டுக்கும் புரோகிராமிங்குக்கும் டெஸ்க்டாப் கேட்கிறான். கடையில் விசாரித்தால், இரண்டிலும் ஒரே ஐ5, ஒரே 16 ஜிபி, வேகத்தில் வித்தியாசமே இல்லை என்கிறார்கள். எனக்குக் கழுத்து வலி வேறு இருக்கிறது. டெஸ்க்டாப் நிறைய கரண்ட் இழுக்குமா? எப்போதாவது அரை மணி நேரம் மின்சாரம் போகும், அப்போது செய்த வேலை போய்விடாதா? மூவருக்கும் சேர்த்து ஒரு கணினிதான் வாங்க முடியும். எதை வாங்குவது?

பதில்:

வணக்கம். நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். டச்பேடு அழுந்தவில்லை, மூடி மூடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால், பேட்டரி உப்பியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பழைய லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்து அது வீங்கும். பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கும், வீங்கியது மேலே முட்டும். அப்படி வீங்கிய பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கலாம். புதிது வரும்வரை இதையே ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இன்றே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பேட்டரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். மூடியை அழுத்தி மூடப் பார்க்க வேண்டாம், வீட்டில் நீங்களே திறந்து நெம்பவும் வேண்டாம். பேட்டரி இல்லாமலும் பல லேப்டாப்கள் சார்ஜரில் ஓடும், அதனால் புதிது வரும்வரை உங்கள் வேலை நிற்காமல் இருக்க வாய்ப்புண்டு. எடுத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெஸ்க்டாப் வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் இருந்தே இதைச் சொல்கிறேன். பேட்டரி போய் இரண்டு வருடம். இந்த இரண்டு வருடமும் அது சுவரில் இருக்கும் பிளக்கோடுதான் இருந்திருக்கிறது. எங்கும் எடுத்துப் போகவில்லை. எடுத்துப் போக முடியாமல் சிரமப்பட்டதாகவும் நீங்கள் எழுதவில்லை. அந்தத் தேவை இருந்திருந்தால் புது பேட்டரியை எப்போதோ போட்டிருப்பீர்கள். லேப்டாப்பை எங்கும் எடுத்துப் போகலாம் என்று உங்கள் கணவர் சொல்வது சரிதான். ஆனால் உங்கள் வீட்டில் யார், எங்கே, எத்தனை நாள் எடுத்துப் போகிறீர்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. என்னிடம் பழுதுபார்க்க வரும் வீட்டு லேப்டாப்களில் நிறைய இப்படித்தான். வாங்கிய நாளிலிருந்து ஒரே மேசையில், ஒரே மூலையில், எப்போதும் சார்ஜரில் இருக்கும். சின்னதாக, லேசாக இருக்க வேண்டும் என்பதற்காகத் திரையிலும், கீபோர்டிலும், பழுதுபார்க்கும் வசதியிலும் நிறைய விட்டுக்கொடுத்துத்தான் லேப்டாப்பைச் செய்கிறார்கள். நகராத இடத்தில் அவ்வளவையும் விட்டுக்கொடுப்பது வீண்.

அதில் முதலில் அடிபடுவது உங்கள் கழுத்து. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை. கை வசதியாக இருக்கும் உயரத்தில் வைத்தால் திரை தாழ்ந்துவிடும், நாள் முழுக்கத் தலையைக் குனிந்தே இருப்பீர்கள். திரையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோளைத் தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்ய வேண்டும். நல்ல நாற்காலி வாங்கினாலும் இது தீராது, திரையையும் கீபோர்டையும் பிரித்தால்தான் தீரும். ஒரு மணி நேரம் மெயில் பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஐந்தாறு மணி நேரம் எண்களைப் பார்ப்பவருக்கு, கணினி வாங்குவதில் இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை என்பது என் கருத்து.

24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி, அதன் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ வரும்படி வையுங்கள். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் போதும். பைஃபோக்கல் கண்ணாடி போடுபவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்ப்பீர்கள், வலி வேறு பக்கத்தில் வந்து நிற்கும். உயரம் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்டு உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்கினால் நல்லது. உங்கள் மகன் உட்காரும்போதும் அவன் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் செய்தும் வலி தொடர்ந்தாலோ, கையில் மரத்துப்போவது போல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். அதை மானிட்டரை நம்பி விட்டுவிடக் கூடாது.

எக்செலுக்கும் இது உதவும். 15.6 அங்குல லேப்டாப்பிலும் 24 அங்குல மானிட்டரிலும் பெரும்பாலும் 1920க்கு 1080 என்ற ஒரே அளவு புள்ளிகள்தான். ஆனால் சின்னத் திரையில் எழுத்து பொடியாகத் தெரியும் என்பதால் விண்டோஸ் எல்லாவற்றையும் 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். அப்போது ஒரே பார்வையில் தெரியும் வரிசைகள் குறைந்துவிடும். 24 அங்குலத் திரை பரப்பில் 15.6 அங்குலத்தைப்போல இரு மடங்குக்கும் மேல். அதில் பெரிதாக்காமலே படிக்கலாம், கூடுதல் வரிசைகள் கண்ணில் படும். மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்கும் வேலை குறையும். 27 அங்குலம் வேண்டும் என்று தோன்றினால் 2560க்கு 1440 புள்ளிகள் உள்ளதாக எடுங்கள். 1920க்கு 1080ஐ அவ்வளவு பெரிய திரையில் போட்டால் எழுத்தின் ஓரங்கள் சொரசொரப்பாகத் தெரியும். அப்புறம், வலப்பக்கம் தனி எண் பலகை உள்ள முழு அளவு கீபோர்டு. 14 அங்குல லேப்டாப்களில் அது பெரும்பாலும் இருக்காது. நாள் முழுக்க எண் அடிக்கும் உங்களுக்கு அதன் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, கடையில் சொன்ன "ஒரே ஐ5". ஐ5 என்பது கணினியின் மூளையான சிப்பின் பெயர். பெயர்தான் ஒன்று. இன்டெலின் 13ஆம் தலைமுறையில் லேப்டாப்புக்கான ஐ5-1335யு என்று ஒன்று உண்டு, டெஸ்க்டாப்புக்கான ஐ5-13400 என்று ஒன்று உண்டு. இரண்டிலும் 10 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதி) என்றுதான் போட்டிருக்கும். ஆனால் லேப்டாப் சிப்பில் வேகமான பெரிய கோர் 2, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சிறிய கோர் 8. டெஸ்க்டாப் சிப்பில் பெரிய கோர் 6, சிறிய கோர் 4. அடிப்படை மின்திறன் முதலாவதற்கு 15 வாட், இரண்டாவதற்கு 65 வாட். லேப்டாப்பின் மெல்லிய உடலுக்குள் வெப்பம் போக வழி குறைவு. அதனால் கடினமான வேலையைத் தொடர்ந்து கொடுத்தால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தலைமுறை மாறினால் எண்கள் மாறும், இந்தக் கதை பெரிதாக மாறாது. பெயருக்குப் பின்னால் இருக்கும் முழு எண்ணையும் எழுத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். யு என்றால் சிக்கன லேப்டாப் சிப், ஹெச் என்றால் அதிக மின்திறன் உள்ள லேப்டாப் சிப். இன்டெல் டெஸ்க்டாப் சிப்பில் எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் (திரையில் படம் காட்டும் பகுதி) கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது.

ஆனால் உங்கள் வேலைக்கு இந்த வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கணக்கு மென்பொருளுக்கும், நான்கைந்து எக்செல் கோப்புகளுக்கும், உலாவிக்கும் அந்த 15 வாட் சிப்பே தாராளம். வேகத்தை நம்பி டெஸ்க்டாப் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் தெரியப்போவது உங்கள் மகனுக்கு. கிராபிக்ஸ் கார்டிலும் இதே பெயர் விவகாரம் உண்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4070 என்ற பெயரில் டெஸ்க்டாப்புக்கு வரும் கார்டில் 12 ஜிபி நினைவகம், லேப்டாப்பில் வருவதில் 8 ஜிபி. உள்ளே இருக்கும் சிப்பே வேறு.

எனக்கு டெஸ்க்டாப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், அது கெட்டுப்போகும் விதம். டெஸ்க்டாப்பில் ஒன்று போனால் அந்த ஒன்றுதான் போகும். எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போனால் நான்கு திருகைக் கழற்றி வேறு மாட்டலாம். கீபோர்டில் தண்ணீர் கொட்டினால் வேறு கீபோர்டு வாங்கினால் போதும். லேப்டாப்பில் கீபோர்டில் கொட்டிய தண்ணீர் நேராக மதர்போர்டுக்கு இறங்கும். சார்ஜர் செருகும் துளை ஆடினால் பல மாடல்களில் போர்டையே கழற்றிச் சாலிடர் வைக்க வேண்டும். மூடியின் ஹிஞ்ச் உடைந்தால் மேல்மூடி முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், பின்னால் கூட்டவே முடியாது. டெஸ்க்டாப்பில் நான்கு வருடம் கழித்து ரேமைக் கூட்டலாம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பெரிதாகப் போடலாம், மானிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம். நல்ல மானிட்டர் ஒன்று இரண்டு கணினிகளின் காலத்தைத் தாண்டியும் உழைக்கும்.

கரண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டெஸ்க்டாப் அதிகம் இழுக்கும் என்பது உண்மை, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. கணக்கு வேலை செய்யும்போது லேப்டாப் சுமார் 25 வாட் எடுக்கிறது, டெஸ்க்டாப் மானிட்டரோடு சேர்த்து 80 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 6 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் லேப்டாப்புக்கு 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, டெஸ்க்டாப்புக்கு 12 யூனிட். மாதம் எட்டு யூனிட்தான் வித்தியாசம். மகன் கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடினால் அந்த நேரத்தில் 300 வாட்டைத் தாண்டலாம், அதை மட்டும் தனியாகக் கணக்கில் வையுங்கள்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதுதான் டெஸ்க்டாப்பின் உண்மையான பலவீனம். அதற்கு, மின்சாரம் போனதும் தன் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ் ஒன்றை, 600 விஏ அளவில், டெஸ்க்டாப்போடு சேர்த்தே வாங்குங்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். கணக்கு வேலையின் அளவுக்கு அது பத்து முதல் இருபது நிமிடம் தாங்கும். சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும், தொடர்ந்து வேலை செய்ய அல்ல. அதன் பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள், சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது. உங்கள் வீட்டில் எப்போதாவது அரை மணி நேரம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். தினமும் மூன்று நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லாத வீடாக இருந்தால் என் பதிலே மாறியிருக்கும்.

வேறு எப்போது மாறும்? வாடிக்கையாளர் அலுவலகத்துக்குக் கணினியோடு போய் உட்கார வேண்டிய வேலை உங்களுக்கு வாரம் ஒருமுறை இருந்தால் லேப்டாப்தான் சரி. அப்போதும் வீட்டில் மானிட்டர், தனி கீபோர்டு, மவுஸ் மூன்றையும் வைத்து, வந்ததும் லேப்டாப்பை அதில் இணைத்து வேலை செய்ய வேண்டும். ஒரே யுஎஸ்பி-சி வயரில் திரையும் சார்ஜும் இரண்டும் போகும்படி செய்யலாம், ஆனால் எல்லா யுஎஸ்பி-சி துளையிலும் திரை வராது. வாங்கும் முன் அந்த மாடலில் வருமா என்று உறுதி செய்யுங்கள், அல்லது ஹெச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பில், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டு வைக்க வேண்டும். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கிழடாகிவிடும். உங்கள் பழைய லேப்டாப்புக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். இந்த வழி நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் அதே பணத்துக்கு டெஸ்க்டாப்பில் கிடைப்பதைவிட இதில் குறைவாகவே கிடைக்கும், நீங்கள் வெளியே எடுத்துப் போவதாகவும் எழுதவில்லை.

உள்ளங்கை அகலமே இருக்கும் மினி கணினிகளும் உண்டு. இடம் குறைவு, சத்தம் குறைவு, கரண்டும் குறைவு. நீங்கள் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். மகனுக்காகப் பின்னால் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டி வந்தால் அதில் இடமிருக்காது. திரைக்குப் பின்னாலேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் வேண்டாம். அதில் லேப்டாப்பின் பழுதுத் தொல்லைகள் பலவும் வந்துவிடும், எடுத்துப் போகவும் முடியாது.

ஆகவே சாதாரண டவர். ஐ5 அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 அளவில், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் சிப். ரேம் 16 ஜிபி, எட்டு எட்டாக இரண்டு. ஒன்றாகப் போடுவதைவிட இரண்டாகப் போட்டால் உள்ளமைந்த கிராபிக்ஸ் நன்றாக ஓடும். 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பெயர் தெரியாத மலிவான ஒன்று போனால் போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். 550 வாட், மின்சாரத்தை வீணாக்காமல் தருவதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) முத்திரை உள்ளது என்றால் பின்னால் நடுத்தர கிராபிக்ஸ் கார்டு வரை தாங்கும். கார்டை இப்போது வாங்க வேண்டாம். மகன் உள்ளமைந்த கிராபிக்ஸில் ஒரு வருடம் ஓட்டட்டும், புரோகிராமிங் கற்க அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

விலைப்பட்டியலைப் பார்க்கும்போது சிபியு பெட்டியின் விலையை லேப்டாப் விலையோடு நேரடியாக ஒப்பிடாதீர்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், வெப்கேமரா, ஸ்பீக்கர், யுபிஎஸ், விண்டோஸ் உரிமம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பல டெஸ்க்டாப் போர்டுகளில் வைஃபையே இருக்காது, அதையும் கேளுங்கள். உரிமம் இல்லாத விண்டோஸை "சும்மா போட்டுத் தருகிறோம்" என்றால் மறுத்துவிடுங்கள். மற்றவர்களின் கணக்கு உங்களிடம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மென்பொருளை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழைய கணினி மலிவாக வருகிறது என்றாலும் கவனம் தேவை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும்.

மூவர் ஒரு கணினியைப் பகிரும்போது ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு போதும். அவன் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. விளையாட்டுக்காக இறக்கும் ஏதோ ஒரு கோப்பு உங்கள் வாடிக்கையாளர் கணக்குகளைத் தொட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் வேலை பகலில், அவன் நேரம் மாலையில் என்பதால் பெரிய இழுபறி வராது. அவன் கல்லூரிக்குப் போகும்போது அவனுக்கென்று ஒரு லேப்டாப் தேவைப்படும். எந்தப் படிப்பு என்று தெரிந்தபின் அதற்கேற்றதை அப்போது வாங்குங்கள். இன்றே அதையும் சேர்த்து யோசித்து வாங்கினால், அவன் கிளம்பும் நாளில் உங்கள் கணக்கு வேலைக்குக் கணினி இருக்காது. உங்கள் கணவருக்கும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

புதிது வந்ததும் பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். சில கணக்கு மென்பொருள்களின் உரிமம் ஒரு கணினிக்குத்தான். பழையதில் அதை விடுவித்தால்தான் புதியதில் ஏறும், பழைய கணினி ஓடும் நிலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். தரவை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல், இணையச் சேமிப்பில் ஒரு நகல் என்று எடுத்து, பிறகு புதியதில் ஏற்றுங்கள். ஏற்றியபின் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசியாக முடித்த மாதத்தின் இருப்பைத் திறந்து, பழைய கணினியில் இருக்கும் தொகையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். எல்லாம் பொருந்தியபின் பழைய டிஸ்க்கை அழித்தால் போதும்.